பேசாப் பிள்ளைகளும் நம் சங்கங்களும்

திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை நெசவாளருக்கென்றே உண்டாக்கப்பட்ட ஊர் என்பதை நம் அங்கத்தினரில் பலர் அறிந்திருப்பர். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பார், கும்பினியாரின் துணித் தேவைக்காக நெசவாளரை அங்கே குடியமர்த்தினார். காலெட் பேட்டை என்பதே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. இன்று அங்கே தறியோசை கேட்பது அரிது. தெற்கே இராயபுரம் முதல் வடக்கே எண்ணூர் வரை கண் சென்ற இடமெல்லாம் ஆலைகளும், துறைமுகக் கிடங்குகளும், வரிசை வரிசையாய் நிற்கும் கண்டெய்னர் லாரிகளுமே. இவ்வட்டாரத்து வீடுகளில் பெருகிவரும் ஒரு கவலையைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். இக்கவலை ஆரணியிலும் இருக்கிறது, பொன்னேரியிலும் இருக்கிறது. வடசென்னையில் அதைச் சற்று அருகிருந்து பார்க்க வாய்த்தது, அவ்வளவே.

கூட்டுறவு ஆய்வாளன் சங்கத்தின் கணக்கைப் பார்க்கச் செல்பவன். வீட்டு நிலையைப் பார்க்கச் செல்பவனல்லன். ஆயினும் கடன் பதிவேடும் சிக்கனச் சேமிப்புப் பேரேடும் வீட்டு நிலையைத் தாமே சொல்லிவிடுகின்றன. மாதந்தவறாது சேமிப்புக் கட்டிவந்த ஒரு பெண் அங்கத்தினர் திடீரென்று நிறுத்திவிடுவார். சில மாதங்களில் அவர் பெயரில் நகைக்கடன் தோன்றும். அது மீட்கப்படாமலே புதுப்பிக்கப்பட்டுக்கொண்டு போகும். காரணம் கேட்டால், "பிள்ளைக்கு வைத்தியம்" என்பர். மேலும் கேட்டறிந்தபோது ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எனக்குக் கிடைத்த விடை ஒன்றே: பிள்ளைக்கு மூன்று வயதாகியும் பேச்சில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, டாக்டர் 'ஆட்டிசம்' என்று சொல்லுகிறார்.

ஆட்டிசத்துக்குத் தமிழில் இன்னும் நிலைத்த சொல் அமையவில்லை. மதியிறுக்கம் என்பர் சிலர். மன இறுக்கம் என்பர் வேறு சிலர். அரசாங்கக் குறிப்புகளில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற தொடரும் காணப்படும். கடைசியாகச் சொன்னது எனக்கு உடன்பாடன்று. அப்பிள்ளைக்குப் புற உலகம் இல்லாமற் போய்விடவில்லை. மிக்சியின் இரைச்சலும், குழல்விளக்கின் துடிப்பும், சட்டையின் கழுத்துப் பட்டி உறுத்துவதும் அளவுக்கு மீறி வந்து மோதுகின்றன என்பதே பல குழந்தைகளைப் பொறுத்தவரை உண்மை. ஆதலின் மக்கள் வழங்கும் ஆட்டிசம் என்ற சொல்லையே இங்கு ஆள்கிறேன்.

இது தொற்றுநோயன்று, பைத்தியமுமன்று. மூளை வளர்ச்சியில் மிக இளமையிலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடாகும். பிறரோடு கண்ணாலும் சைகையாலும் சொல்லாலும் உறவாடுவதில் தடை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், மாறுதலைப் பொறாமை ஆகியவை இதன் பொதுக் கூறுகள். ஒருவருக்கு இருப்பது போல் மற்றொருவருக்கு இராது. வாழ்நாள் முழுவதும் ஒரு சொல்லும் பேசாதவரும் உளர். பட்டம் பெற்று அலுவலில் அமர்ந்தவரும் உளர். 2021-ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலக மக்களில் ஏறக்குறைய 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவர். ஆயிரம் அங்கத்தினர் கொண்ட ஒரு சங்கத்தின் குடும்பங்களை எண்ணிப் பார்த்தால், இது நமக்குத் தொடர்பில்லாத விஷயம் என்று எந்தத் தலைவரும் சொல்ல முடியாது.

குடும்பத்தைப் பற்றிப் பேசுமுன் ஒரு பழைய அநியாயத்தைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர், 1943-ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இந்நிலை முதன்முதலாகத் தனித்து விவரிக்கப்பட்டது. அதன் பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, பெற்றோரின், முக்கியமாகத் தாயின், அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற கொள்கை மேல்நாட்டில் கோலோச்சியது. புரூனோ பெட்டல்ஹைம் என்பார் 1967-இல் வெளியிட்ட நூல் அதற்கு மேலும் உரமிட்டது. பெற்ற பிள்ளை தன் முகம் பாராத துயரோடு, அதற்கு நீயே காரணம் என்ற பழியையும் எத்தனை தாய்மார் சுமந்தனரோ! இதனை எதிர்த்து முதலில் வலுவாக எழுதியவர் பெர்னார்டு ரிம்லண்ட் என்ற உளவியலறிஞர். அவரே ஆட்டிசம் உடைய சிறுவனின் தந்தை. இது உடலியல் சார்ந்தது, வளர்ப்பின் குற்றமன்று என்று 1964-இல் அவர் நூல் எழுதினார். 1977-இல் இரட்டையரை ஆராய்ந்த சூசன் போல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் பிறப்புவழிக் கூறு இதில் பெரும்பங்கு வகிப்பதைக் காட்டினர். மேல்நாட்டில் அக்கொள்கை அத்துடன் சாய்ந்தது.

நம் நாட்டில் அது வேறு உருவில் உயிரோடிருக்கிறது. கருவுற்ற காலத்தில் அவள் கிரகணத்தில் வெளியே சென்றாள், செல்போனைக் கையில் கொடுத்துக் கெடுத்தாள், வேலைக்குப் போய்ப் பிள்ளையைக் கவனியாது விட்டாள் என்று பழி மருமகள் தலையிலேயே விழுகிறது. எண்ணூர்ப் பக்கத்தில் இன்னொரு காரணமும் சொல்லப்படும்: ஆலைப் புகை. காற்று மாசுக்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை அறிஞர்கள் பல நாடுகளில் ஆராய்ந்து வருகின்றனர். எனினும் ஒரு குழந்தையைச் சுட்டி, இதற்கு இந்தப் புகையே காரணம் என்று இன்று எவராலும் சொல்ல இயலாது. புகையைக் குறைக்கக் கோருவதற்கு இருமலும் ஆஸ்துமாவுமே போதிய காரணங்களாகும். தடுப்பூசியால் வந்தது என்ற பேச்சைப் பற்றி ஐயத்துக்கே இடமில்லை. 1998-இல் அவ்வாறு எழுதப்பட்ட கட்டுரையை, அதனை வெளியிட்ட 'லான்செட்' என்ற மருத்துவ ஏடே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பழி பேசுவதில் கழியும் காலமே பெரிய நஷ்டம். ஓராண்டு நிறைந்த குழந்தை தன் பெயரைக் கேட்டுத் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதுக்குள் வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவை இல்லையெனினும், வந்த பேச்சு நின்று போயினும், காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பர். வீட்டிலோ, "அவன் அப்பனே அஞ்சு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்று ஆயா சொல்லுவார். ஆயாவின் சொல்லில் கனிவு இருக்கிறது. அவர் சொல்லும் அப்பன் இன்று லாரி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பதும் மெய்யே. ஆனால் இரண்டு வயதில் தொடங்க வேண்டிய பயிற்சி ஐந்து வயதுக்குத் தள்ளிப்போகிறது. மந்திரித்துக் கயிறு கட்டுவதாலும், தர்காவுக்கோ மாதா கோவிலுக்கோ சென்று வருவதாலும் குற்றம் ஒன்றுமில்லை. அதே வாரத்தில் ஸ்டான்லி மருத்துவமனைக்கோ எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கோ சென்று வந்தால் போதும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பார்க்கும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். ஐயமுள்ள பிள்ளைகளை அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பி வைப்பர்.

பெயர் தெரிந்தபின் வாழ்க்கை எப்படி நடக்கிறது? பத்தடிக்குப் பத்தடி வீடு, ஒட்டிய சுவர், ஒரே தண்ணீர்க் குழாய், வாசலில் இரவு பகலாக லாரியின் ஹாரன். இத்தகைய தெருவில் ஒலியைப் பொறாத ஒரு குழந்தை வளர்வதைச் சிந்தித்துப் பாருங்கள். அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் அடுத்த வீட்டார் பிடிவாதம் என்பர்; தரையில் விழுந்து புரண்டால் இரண்டு அடி கொடுக்கச் சொல்லுவர். தாய் அவனைக் கூட்டிக்கொண்டு கல்யாணத்துக்கும் போவதில்லை, கடைக்கும் போவதில்லை. தகப்பனார் ஓவர்டைம் பார்த்து நேரங்கழித்து வருகிறார். பணம் வேண்டியும் வருகிறார்; வீட்டுக்கு வரவே கால் எழாமலும் வருகிறார். மூத்த பெண் பிள்ளை பத்து வயதிலேயே இன்னொரு தாயாகிவிடுகிறாள். அவளது பள்ளிக் கணக்கை அந்த வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்பது நான் அடிக்கடி எண்ணும் விஷயம்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில், எண்ணூரில் ஓர் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய ஊர்களின் மக்கள் மூச்சுத் திணறி, உறக்கம் கலைந்து, கிடைத்த வண்டியில் ஏறி ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதே மாதத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளமும், எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலமும் நேர்ந்தன. தினமும் ஒரே பாயில், ஒரே தலையணையில், ஒரே பக்கம் திரும்பிப் படுத்தால்தான் உறங்குவேன் என்னும் பிள்ளையை நள்ளிரவில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடும் நிலையை ஆலை நிர்வாகங்களின் அபாயகால ஏற்பாடுகளில் எவரேனும் எண்ணியதுண்டா? இத்தகைய பிள்ளையுள்ள வீடு எது என்று அந்தந்தத் தெருவுக்குத் தெரிந்திருப்பதும், முதல் வண்டியில் அவ்வீட்டாருக்கு இடம் கொடுப்பதும் செலவில்லாக் காரியங்கள். பிள்ளையின் சட்டைப் பையில் பெற்றோரின் டெலிபோன் எண் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். பேசாத பிள்ளை கூட்டத்தில் தப்பினால் தன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டான்.

இனி, பயிற்சி. 'தெரபி' என்றதும் மணிக்கு இவ்வளவு ரூபாய் என்று கேட்டு மலைக்கின்றனர். பயிற்சியாளரிடம் பிள்ளை இருப்பது வாரத்தில் இரண்டு மூன்று மணி. வீட்டில் இருப்பதோ மற்ற நேரமெல்லாம். எனவே பெற்றோருக்கே பயிற்சி அளிப்பது என்ற முறை வளர்ந்துள்ளது. கோவாவிலும், பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஒரு சோதனையின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. அதில் பயிற்சி அளித்தவர்கள் டாக்டர்களோ உளவியல் நிபுணர்களோ அல்லர். குறுகிய காலம் கற்பிக்கப்பட்ட சாதாரண சுகாதார ஊழியர்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம் பிடித்து, அதைத் தாய்க்கே போட்டுக் காட்டி, பிள்ளை எந்த இடத்தில் தொடர்புகொள்ள முயன்றான், அதை எங்கே கவனியாது விட்டோம் என்று அவளையே காணச் செய்தனர். பெற்றோர் பிள்ளையின் போக்கறிந்து பதிலளிப்பது கூடியது. பிள்ளைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. ஆட்டிசம் மறைந்துவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாததாலேயே அம்முடிவை நான் மதிக்கிறேன்.

அம்முறையின் சாரம் நெசவு வீட்டாருக்கு எளிதில் விளங்கும். அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சிடுபவன் தறியைத் தன் விருப்பத்துக்கு இழுப்பதில்லை. இழை இருக்கும் இடத்துக்குத் தன் விரலைக் கொண்டுசெல்கிறான். பிள்ளை சக்கரத்தைச் சுழற்றினால் அதைப் பிடுங்காமல் பக்கத்தில் அமர்ந்து தாமும் சுழற்றி, 'சுத்துது' என்று ஒரே சொல் சொல்லிக் காத்திருக்க வேண்டும். சொல்லுவது சிறிதாகவும் காத்திருப்பது நெடிதாகவும் இருத்தல் நலம். நாளின் வேலைகளை, குளியல், சோறு, பள்ளி, உறக்கம் என்று படமாக வரைந்து சுவரில் ஒட்டிவைத்தால், அடுத்தது என்ன என்ற அச்சம் குறையும். வெளியே புறப்படுமுன் எங்கே போகிறோம் என்பதைச் சொல்லியோ காட்டியோ வைக்க வேண்டும். தார் சுற்றுதல், நூலை நிறம் பிரித்தல், காய்கறியை அளவு பார்த்துத் தரம் பிரித்தல் முதலிய வேலைகளில் சில பிள்ளைகள் வியக்கத்தக்க ஒழுங்கு காட்டுவதுண்டு. ஆனால் ஆட்டிசம் உடைய எல்லாருக்கும் ஏதோ ஓர் அதிசயத் திறமை மறைந்திருக்கும் என்று சினிமாவைப் பார்த்து நம்புவதும் பிள்ளைக்குச் செய்யும் ஓர் அநீதியே. ஒன்றிலும் சிறவாத சாதாரணப் பிள்ளைகளுக்கு வாழ உரிமை இருப்பது போலவே இவர்களுக்கும் உண்டு.

சட்டம் இப்போது பெரிதும் துணையாக இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக அதனை ஏற்றது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. 'இவனைச் சேர்க்க முடியாது' என்று வாயால் சொல்லும் தலைமையாசிரியரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் அந்தக் கேள்வியே கதவைத் திறக்கும். அரசு மருத்துவமனையில் 40 வினாக்கள் கொண்ட இந்திய அளவுகோலால் அளந்து சான்று தருவர். சிறு வயதில் கொடுக்கும் சான்று தற்காலிகமானது. உரிய காலத்தில் புதுப்பிக்க மறவற்க. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைப் பெறலாம். பயிற்சிச் செலவும் அதில் அடங்கும்.

வழிகள் உண்டு; வழித்தூரமே தொல்லை. பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. எண்ணூரிலிருந்து அங்கே செல்ல 50 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். பெயர்பெற்ற தனியார் பயிற்சி நிலையங்களும் பெரும்பாலும் நகரத்தின் தென்பகுதியிலேயே அமைந்துவிட்டன. 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்தது நன்மையே. அதே ஆண்டு முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் துணைக்குச் செல்பவரும் கட்டணமின்றிப் போகலாம். ஆயினும் நாள் முழுதும் போய்விடுகிறது, நாட்கூலியும் போய்விடுகிறது.

இந்த இடத்தில்தான் ஏமாற்றுவோர் நுழைகின்றனர். ஆறே மாதத்தில் முழுக் குணம் என்று ஒருவர்; ஸ்டெம் செல் ஊசி என்று ஒருவர்; இரத்தத்திலுள்ள உலோகத்தைக் கழுவுகிறேன் என்று ஒருவர். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதன்று என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெரிவித்துவிட்டது. ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இன்று உலகில் எங்கும் இல்லை. உடன் வரும் வலிப்பு, உறக்கமின்மை முதலியவற்றுக்கு மருந்து உண்டு, அது வேறு. நகைக்கடன் விண்ணப்பத்தில் 'மருத்துவம்' என்று எழுதும் அங்கத்தினரிடம், என்ன மருத்துவம் என்று பரிவோடு ஒரு சொல் கேட்கும் செயலாளர், கடனை மறுக்காமலே ஒரு குடும்பத்தின் தாலிக்கொடியைக் காப்பாற்றக்கூடும்.

இவற்றுக்கு மேலும் சங்கம் என்ன செய்யலாம்? இத்தாலி நாட்டின் வழி நமக்கு ஆராயத்தக்கது. அங்கே 1991-ஆம் ஆண்டின் 381-ஆம் எண் சட்டப்படி சமூகக் கூட்டுறவுச் சங்கங்கள் இரு வகையாக அமைகின்றன. ஒரு வகை பராமரிப்பும் கல்வியும் அளிப்பது. மற்றொரு வகை வேலை கொடுப்பது. வேலை கொடுக்கும் சங்கத்தில் உழைப்பவருள் குறைந்தது 30 விழுக்காட்டினர் உடற்குறை, மனக்குறை முதலிய காரணங்களால் பின்தங்கியவராக இருத்தல் வேண்டும். தோட்டவேலை, சலவை, அச்சு, பொட்டலமிடுதல் போன்ற தொழில்களை அவை நடத்துகின்றன. இங்கிலாந்தில் பெற்றோர் சிலர் 1962-இல் கூடித் தொடங்கிய சங்கமே இன்று அந்நாட்டின் தேசிய ஆட்டிசம் சங்கமாக வளர்ந்திருக்கிறது. நம்மிடம் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எத்தனையோ சங்கக் கட்டடங்களின் மேல்மாடியில் பழைய தராசும், கிழிந்த சாக்கும், பொதுப்பேரவைக்கு மட்டும் விரிக்கும் ஜமுக்காளமும் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். வாரத்தில் ஒரு பிற்பகல் அவ்விடத்தைப் பெற்றோர் கூடிப் பேசத் திறந்துவிடலாம். நிகர லாபத்தில் பொது நன்மை நிதிக்கு ஒதுக்கும் தொகையைக் கொண்டு, விதிகளுக்குட்பட்டு, மாதம் ஒரு முறை பயிற்சியாளர் ஒருவரை முட்டுக்காட்டிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ இங்கே வரவழைக்கலாம். முப்பது தாய்மார் தெற்கே போவதைவிட ஒருவர் வடக்கே வருவது சிக்கனம் அன்றோ? தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்கடன் தமிழ்நாட்டில் கூட்டுறவு வங்கிகளின் வழியே கிடைக்கிறது. பிள்ளையின் சார்பில் பெற்றோரோ காப்பாளரோ அதற்கு விண்ணப்பிக்கலாம்.

இறுதியாக, எல்லாப் பெற்றோரும் இரவில் எண்ணி, பகலில் பேசாத விஷயம்: நமக்குப் பின் இவனுக்கு யார்? இதில் கணக்கு சம்பந்தமான ஒரு பகுதி உண்டு. அதைச் சொல்வது என் தொழிலுக்கு உரியது. பங்குத்தொகைக்கும் சேமிப்புக்கும் அங்கத்தினர் பலர் அன்பினால் அந்தப் பிள்ளையின் பெயரையே நியமனதாரராக எழுதிவிடுகின்றனர். பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் சட்டத்தின் கண்ணில் பெற்றோர் தாமாகவே காப்பாளர் ஆகார். அங்கத்தினர் காலமானபின், கையொப்பமிட இயலாத அந்த நியமனதாரருக்குப் பணத்தை எப்படிக் கொடுப்பது என்று சங்கம் திகைத்து நிற்கும். தொகை ஆண்டுக்கணக்கில் தூங்கும். ஆகவே பிள்ளைக்கு 18 வயது ஆனவுடன், தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் தலைமையில் இயங்கும் உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் சான்று பெற்றுக்கொள்ள வேண்டும். பெற்றோரோடு, இளையவரான ஓர் உறவினரைப் பற்றியும் இப்போதே பேசி வைப்பது நல்லது.

திருவொற்றியூர் வட்டம் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டதால், இராயபுரத்தாரும் எண்ணூராரும் செல்ல வேண்டியது இராஜாஜி சாலையிலுள்ள சிங்காரவேலர் மாளிகைக்கு. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து அங்கத்தினர் திருவள்ளூருக்கே செல்ல வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வயதுச் சான்று, பெற்றோரின் அடையாளச் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கையோடு கொண்டுபோவது நலம். காப்பாளர் சான்று கிடைத்ததும் ஒரு நகலைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்து, நியமனப் பதிவேட்டில் உரிய குறிப்பை எழுதச் செய்து, எழுதப்பட்ட பக்க எண்ணைத் தம் பாஸ் புத்தகத்தில் குறித்து வாங்கிக்கொள்க.